இடிக்கு மூடி போட்டவர்

அந்த மனுஷர் டீ குடிக்கிறதைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். டம்ளருக்கு ஒரு தகர மூடி வைத்திருப்பார். மூடியை எடுப்பார், ஒரு வாய் உறிஞ்சுவார், மூடிவிடுவார். நாலு வார்த்தை பேசுவார். மறுபடி எடுப்பார், உறிஞ்சுவார், மூடுவார். எங்கள் மலையில் ஈயும் கம்மி, தூசியும் கம்மி. எதற்கு இந்த மூடி என்று கேட்டால், "பழக்கம்" என்பார்.

தீப்பெட்டியை ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை இன்னொரு டப்பாவில் போட்டு வைப்பார். டார்ச் லைட்டுக்கு ஒரு டப்பா. அவருடைய சின்ன ரேடியோவுக்கு ஒரு பிஸ்கட் டப்பா. செய்தி கேட்கிற நேரத்துக்கு எடுப்பார், முடிந்ததும் உள்ளே வைத்து நாலு பக்கமும் அழுத்தி மூடுவார். சின்னப் பிள்ளைகள் யாராவது சோற்றுச் சட்டியைச் சரியாக மூடாமல் போனால் தன் வீட்டுச் சட்டி மாதிரி கத்துவார். பிள்ளைகளுக்கு அவரைக் கண்டால் பயம். ஊரே அவரை டப்பாக்காரர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லும். முகத்துக்கு நேரே சொன்னவள் நான் ஒருத்திதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"டப்பான்னா லேசா நெனைச்சிட்டியா? மூடினா முழுசா மூடணும்மா. பாதி மூடினது தொறந்ததுதான்" என்றார்.

அவரிடமிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். இப்போது அவர் இல்லை. நெமிலிப் பக்கம் மகள் வீட்டில் இருந்தபோது போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் பேரைச் சொல்ல மாட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்ட வழக்கமில்லை. நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

ஆம்பூரில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைதான் எங்களுடையது. அப்போது ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். சாயங்காலமானால் கீழே ஊரெல்லாம் விளக்கு எரியும், தோல் கம்பெனிகளில் வரிசையாக எரியும். நாங்கள் மேலே காடாவிளக்கை வைத்துக்கொண்டு அதைப் பார்ப்போம். மலையில் ஆவாரம் பட்டை உரித்துக் கட்டுக் கட்டாக அந்தக் கம்பெனிகளுக்குச் சுமந்து போய்ப் போடுவதுதான் பிழைப்பு. அதனால் கீழே இருக்கிறவர்களை எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு எங்கள் தலைச்சுமையைத் தெரியும்.

பட்டை உரிக்கும்போதுதான் என் வீட்டுக்காரரைக் கண்ணாடி விரியன் கடித்தது. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில், ஆம்பூர் கண்ணுக்குத் தெரிகிற திருப்பத்தில் உயிர் போய்விட்டது. கடிக்கு மருந்து கீழே இருந்தது. அது ஐஸ் பெட்டியிலேயே இருக்க வேண்டிய மருந்தாம். கரண்ட் இல்லாத மலையில் அதை எங்கே வைப்பது? இதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்வதில்லை.

எண்பதுகளில் கீழே இருந்த ஓர் ஆஸ்பத்திரி எங்கள் மலையில் ஒரே ஒரு அறை கட்டி, அதில் ஒரு ஃப்ரிட்ஜ் வைத்தது. கடிமருந்தும் பிள்ளைகளுக்குப் போடுகிற தடுப்பு மருந்தும் அதில் இருக்கும். வெயிலில் ஓடுகிற ஃப்ரிட்ஜ். வெளியே கம்பத்தில் நீலக் கண்ணாடித் தகடு இரண்டு. உள்ளே பெரிய பேட்டரிகள். இரண்டுக்கும் நடுவில் செங்கல் அளவு ஒரு பெட்டி. வெயில் ஏறினாலும் இறங்கினாலும் பேட்டரிக்கு எவ்வளவு விட வேண்டுமோ அவ்வளவுதான் அது விடும். அறையைப் பெருக்கிச் சாவி வைத்திருக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். யாரைப் பார்த்தாலும் முந்தானையைச் சரி செய்கிற மாதிரி சாவியைக் காட்டுவேன்.

முதல் சித்திரை இடியிலேயே அந்தச் சின்னப் பெட்டி செத்தது. இடி எங்கேயோ தூரத்து மரத்தில்தான் விழுந்தது. அறைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓடு கூட அசையவில்லை. பெட்டி மட்டும் உள்ளே கருகிப் போயிருந்தது. புதுப்பெட்டி வைத்தார்கள். ஐப்பசியில் அதுவும் அப்படியே போனது. மருந்து எல்லாம் வீண்.

ஆஸ்பத்திரி இன்ஜினியர் ஏறி வந்தார். நல்ல மனுஷர், வாலிபர். கருகிய பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"இன்னொரு தடவை போச்சுன்னா ஃப்ரிட்ஜைக் கீழ தூக்கிட்டுப் போயிடுவோம்மா. கெட்டுப்போன மருந்தை நல்ல மருந்துன்னு நெனைச்சு ஒருத்தருக்குப் போட்டுட்டா யார் ஜவாப்பு?"

அவர் சொன்னது நியாயம்தான். அநியாயமென்றால் சண்டை போட்டிருப்பேன்.

மூன்றாவது பெட்டியோடு வந்து சேர்ந்தவர்தான் நம் டப்பாக்காரர். பட்டாளத்தில் ரேடியோ செட் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சொந்த ஊர் காவேரிப்பாக்கம் பக்கம். ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம், மலைமேல் யாரும் வர மாட்டேன் என்றார்களாம், இவர் வந்தார். தோளில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்கு இரண்டு பூட்டு.

வந்ததும் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. கம்பத்துத் தகட்டிலிருந்து அறைக்கு வருகிற ஒயரைத்தான் பார்த்தார். இரண்டு ஒயரும் தனித்தனியாகத் தொங்கிக்கொண்டு வந்தன. ஒன்றில் யாரோ பாவாடை காயப்போட்டிருந்தார்கள்.

"இடி ஏறி வர்றதுக்குத் தாம்புக் கயிறு கட்டி வெச்சிருக்கீங்க" என்றார். "இடிக்குக் கண்ணு இல்ல. மூக்குதான். கம்பியை மோந்துக்கிட்டே வரும்."

இடி மேலே விழ வேண்டியதே இல்லையாம். எங்கேயோ விழுந்தாலும் அதிலிருந்து ஒரு அலை கிளம்புமாம். நீளக் கம்பியைக் கண்டால் அதில் ஏறி உள்ளே போய்விடுமாம். பட்டாளத்தில் ஒரு பெரிய ஆபீசர் இதற்காகவே வகுப்பு எடுத்தாராம். வானத்தில் ரொம்ப உயரத்தில் அணுகுண்டு வெடித்தால் கீழே சத்தமும் கேட்காது, ஒரு இலையும் வாடாது, ஆனால் அந்த அலை வந்து பல ஊரில் இருக்கிற ரேடியோ செட்டெல்லாம் ஒரே நொடியில் செத்துவிடும் என்று சொன்னாராம். அன்றிலிருந்து இவருக்கு இந்த மூடுகிற பழக்கம். செட்டை இரும்புப் பெட்டியில் முழுசாக மூடி வைத்தால் அலை பெட்டியின் மேலேயே ஓடி மண்ணுக்குப் போய்விடும், உள்ளே வராது.

என் மாமனார் இதைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "இந்த மலையில இருக்கிறதே ஒரு பெட்டி. அதுக்குன்னு ஒருத்தன் அணுகுண்டு செஞ்சு எடுத்துட்டு வருவானா? அவனுக்கு வேற வேலை இல்ல?"

"குண்டு வராது பெரியவரே. அதோட தம்பி வருஷா வருஷம் வர்றான், சித்திரையிலயும் ஐப்பசியிலயும். அண்ணனைத் தடுக்கிற கதவு தம்பியையும் தடுக்கும்" என்றார் இவர்.

வேலை தொடங்கியது. முதலில் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று முறுக்கச் சொன்னார். அவர் முறுக்கினது கோணல்மாணலாக வந்தது. நான் வாங்கி, நார்க்கயிறு திரிக்கிற மாதிரி தொடையில் வைத்து உருட்டித் திரித்தேன். ஒரே சீராக வந்தது. பார்த்துவிட்டு, "பட்டாளத்துல உன்னை விட்டிருக்கணும்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து யாருக்கும் வந்ததில்லை. திரித்த ஒயரை இரும்புக் குழாய்க்குள் விட்டுத் தரையோடு கொண்டுவந்தார்.

அடுத்து ஒரு குழி. ஆள் உயரம் தோண்டி, அடியில் செப்புத் தகடு வைத்து, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார். இடியை மண்ணுக்குள் இறக்குகிற வழி அதுதான். மண் காய்ந்தால் வழி அடைந்துவிடும் என்று தினம் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றுகிற வேலை என்னுடையது. குளித்துவிட்டு ஈரத்தோடு போய் ஊற்றுவேனா, பார்த்த பொம்பிளைகள் ஏதோ சாமி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தால் குழிமேல் மஞ்சள், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். அவருக்குச் சிரிப்பு வராது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும். கும்புடுறவங்களையும் ஆளுக்கு ஒரு குடம் ஊத்தச் சொல்லு" என்றார். அந்த வருஷம் மலையிலேயே ஈரமான இடம் அந்தக் குழிதான்.

கடைசியில் பெட்டிக்குப் பெட்டி. நல்ல கெட்டி இரும்பில், கெட்டியான மூடியோடு வேண்டும் என்றார். நான் பட்டை போடுகிற தோல் கம்பெனி மேஸ்திரி பாயிடம் கேட்டேன். அவர் தோலுக்குப் போடுகிற மருந்து வந்த காலி டிரம் ஒன்றைக் கழுவிக் கொடுத்தார். கழுத்தைச் சுற்றி இறுக்குகிற வளையம் கூட இருந்தது. வெறும் டிரம்மாகக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரி மருந்துக்கு என்றதும், மூடிக்கும் டிரம்முக்கும் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காதபடி நல்ல தோலில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டி, தைத்து, ஒட்டி, எண்ணெய் தடவிக் கொடுத்தார். ஆம்பூர்க்காரர் கண்ணில் ஒரு இடுக்குப் பட்டால் போதும், அதைத் தோல் வைத்து அடைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பார்க்க அவ்வளவு அழகு. நான் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எல்லோருக்கும் காட்டினேன்.

டப்பாக்காரருக்கும் பிடித்துவிட்டது. ஊரைக் கூப்பிட்டார். "இப்ப ரேடியோவைப் பாட விட்டு உள்ள வெச்சு மூடுவேன். காத்துல வர்ற பாட்டும் ஒரு அலைதான். டிரம் நல்ல டிரம்னா பாட்டு நின்னுடும்" என்றார்.

ரேடியோவைப் பாட விட்டார். உள்ளே வைத்தார். மூடினார். வளையத்தை இறுக்கினார்.

டிரம் பாடியது. முன்னைவிட நன்றாகவே, கோயில் மணி மாதிரி கணீரென்று பாடியது.

என் மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாடுது பாரு டப்பா. இடி வந்தா வெளிய எதுக்கு நனையணும், உள்ள வந்து ஒக்காந்து பாட்டு கேட்டுட்டுப் போவும்." ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்திரை பிறக்கப் போகிறது. அந்தச் சின்னப் பெட்டி இன்னொரு தடவை செத்தால் மருந்து மறுபடி கீழே போய்விடும், மறுபடி டோலிதான்.

டப்பாக்காரர் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார். சோறு கொண்டு போய் வைத்தேன், தொடவில்லை. டீயைத் திறந்தபடியே வைத்திருந்தார், ஆறிப்போனது. அந்த மனுஷர் ஒன்றைத் திறந்து போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். தலைவலி என்று நினைத்தேன்.

விடிகாலையில் கரகரவென்று சத்தம். போய்ப் பார்த்தால், பாய் ஒட்டிக் கொடுத்த தோல் வளையத்தை உரித்து எறிந்துவிட்டு, டிரம் விளிம்பில் பெயின்டை அரத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மூடியின் விளிம்பையும் வெள்ளி மாதிரி பளபளக்கச் சுரண்டிவிட்டார். நான் பதறிப்போனேன். எவ்வளவு நல்ல தோல் அது.

"இது தண்ணியை நிறுத்தும்மா, அலையை நிறுத்தாது. அதுக்குத் தோலு இருந்தா வாசல் தொறந்திருக்கிற மாதிரி" என்றார். "நானே சொல்லிட்டுத் திரியறேன், முழுசா மூடுன்னு. இரும்பும் இரும்பும் தொட்டாத்தான் முழுசு. அழகா இருக்குதேன்னு ஏமாந்துட்டேன்."

ரேடியோவைப் பாட விட்டு உள்ளே வைத்தார். மூடினார். வளையத்தை இறுக்கினார். பாட்டு அறுந்தது.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார் மாமனார். டப்பாக்காரர் மூடியைத் திறந்தார், பாடியது. மூடினார், நின்றது. மாமனார் நானே மூடுகிறேன் என்று வந்தார். அவர் மூடியும் நின்றது. அப்புறம் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு தடவை மூடித் திறந்து பார்த்தாக வேண்டியிருந்தது. மத்தியானம் வரைக்கும் அந்த ரேடியோ விட்டுவிட்டுப் பாடியது.

அடுத்த முறை பட்டைக்கட்டோடு போனபோது மேஸ்திரி பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்றது. "தோலு இன்னா பாவம் பண்ணுச்சு? என் கையால தெச்சது. வேணாம்னா திருப்பிக் குடுத்துடச் சொல்லு" என்றார். அதற்குள் என் மாமனார் அதை வெட்டிச் செருப்புக்கு வார் போட்டுக்கொண்டுவிட்டார். அதையும் சொன்னேன். "கெழவன் காலுக்காவது ஆச்சே" என்று பாய் சிரித்துவிட்டார்.

டிரம்முக்குள் சின்னப் பெட்டி குடிபோனது. இரும்புக் குழாய் டிரம்மில் ஏறுகிற இடத்திலும் பெயின்டைச் சுரண்டி நட்டுப் போட்டு இறுக்கினார். டிரம்மிலிருந்து குழிக்கு ஒரு பட்டைக் கம்பி. அதற்குப் பிறகு அதைத் திறக்க யாரையும் விடவில்லை. ஃப்ரிட்ஜையும்தான். ஒருநாள் ஏதோ ஆபீசர் வந்தார். மலையில் ஐஸ் இருக்காமே, காட்டுங்கள் என்றார். "ஐஸ் பாக்கணும்னா ஆம்பூருக்குப் போங்க சார், சைக்கிள்ல குச்சி ஐஸ் விப்பான்" என்று சொல்லிவிட்டார். ஆபீசர் முகம் கறுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஜாஸ்தி சந்தோஷம்.

வானம் இருட்டினால் தகட்டு ஒயரில் கத்தி மாதிரி இருக்கிற சுவிட்சைப் பிரித்து, தகட்டுக்கும் பெட்டிக்கும் தொடர்பே இல்லாமல் செய்துவிடுவார். ஆனால் அந்தச் சித்திரையில் இடி சொல்லிக்கொண்டு வரவில்லை. மத்தியான வெயில் அப்படியே இருந்தது. மலைக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் கறுப்பு. அவர் கிணற்றடியில் தலையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அறை வாசலில் துடைப்பத்தோடு நிற்கிறேன். அறைக்குப் பின்னால் இருந்த பெரிய நாவல் மரத்தில் இடி இறங்கியது. வெள்ளையாக ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். காது அடைத்துப் போனது. மரம் உச்சியிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்து புகைந்தது.

முந்தின இடிகளெல்லாம் தூரத்தில் விழுந்தே பெட்டியைக் கொன்றவை. இது முப்பது முழம் கூட இல்லை.

அவர் இடுப்புத் துண்டோடு, தலையெல்லாம் நுரையோடு ஓடி வந்தார். சுவிட்சைப் பிரித்தார். அப்புறம் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார். அக்கினிக் குண்டத்தில் கூட இறங்குவார் என்று நான் நினைத்த மனுஷர் என்னைத்தான் உள்ளே அனுப்பினார்.

"நீ பாரும்மா. லைட்டு எரியுதா?" என்றார்.

நான் உள்ளே போனேன். ஃப்ரிட்ஜின் நெற்றியில் சின்னச் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. நம்பாமல் உள்ளங்கையை அதன் பக்கத்தில் வைத்தேன். கன்றுக்குட்டி வயிறு மாதிரி மெதுவாகத் துடித்தது. ஆனால் அது பேட்டரியில் ஓடுவதாகவும் இருக்கலாம். அது எனக்கே தெரியும். அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. மழை விட்டு வெயில் வந்து, சுவிட்சைச் சேர்த்து, சின்னப் பெட்டி பேட்டரிக்கு ஏற்றுகிறதா என்று மீட்டரில் முள் பார்த்தால்தான் நிச்சயம். மழை சாயங்காலம் வரை விடவில்லை. மறுநாள் வெயில் வந்ததும் சுவிட்சைப் போட்டார். முள் ஏறியது. நானும் பார்த்தேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, முள் தெரியும்.

அப்போதுதான் பாதையில் ஆள்கள் ஏறி வருவது தெரிந்தது. முன்னால் இன்ஜினியர். பின்னால் நாலைந்து பேர், தோளில் மூங்கில் கழிகள். ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போகத்தான் கழி. இடி விழுந்தது கீழேயும் தெரிந்திருக்கும், பெட்டி போயிருக்கும் என்று அவர்களே முடிவு கட்டியிருப்பார்கள். நான் சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். மாமனாரும் தடியோடு வந்து பக்கத்தில் நின்றார். டப்பாக்காரர் எங்களுக்குப் பின்னால்.

இன்ஜினியர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். முதல் கேள்வி, "ஃப்ரிட்ஜ் ஓடுதாம்மா?"

"ஓடுது."

"நேத்து அந்த இடிக்கு அப்புறமும்?"

"நிக்கவே இல்ல. வேணும்னா கை வெச்சுப் பாருங்க. தூக்க மட்டும் விட மாட்டேன்."

அவர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பின்னால் திரும்பிக் கையைக் காட்டினார். கழிகளைக் கீழே இறக்கினார்கள். அப்போதுதான் கவனித்தேன், கழிகள் காலியாக இல்லை. துணி சுற்றின பெட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன, தண்ணீர் சொட்டச் சொட்ட.

நேற்று கீழேயும் இடியும் காற்றும் அடித்துக் கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டதாம். ஆம்பூர் முழுக்க இருட்டு. தோல் கம்பெனிகள் ஒன்றும் ஓடவில்லை, ஐஸ் ஃபேக்டரியும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அதே இடியில் படுத்துவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோகலாம் என்றால் ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை. பெட்டிகளில் இருக்கிற ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிற தடுப்பு மருந்து, கடிமருந்து அத்தனையும் அதற்குள்.

"இங்க ஓடினா ஓடும், இல்லன்னா எல்லாத்தையும் கொட்டிட வேண்டியதுதான்னு ஏறி வந்தோம்" என்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றுகிற மாதிரி தலைமுடியைக் கோதிக்கொண்டு, டப்பாக்காரரைப் பார்த்துக் கேட்டார். "இடம் இருக்குமா அண்ணே?"

டப்பாக்காரர் உள்ளே போய் இடம் ஒதுக்கினார். நான் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கொடுத்தேன், அவர் வாங்கி அடுக்கினார். கடைசிப் புட்டி வரைக்கும் இடம் இருந்தது. மாமனார் தடியை எங்கேயோ போட்டுவிட்டு வந்த ஆள்களுக்குக் களி உருண்டை எடுத்து வந்தார்.

இறங்குகிற நேரத்தில் இன்ஜினியர் வாசலில் நின்று, இதையெல்லாம் எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். டப்பாக்காரர் வாயைத் திறக்கப் போனார். பிறகு என் இடுப்பில் இருந்த சாவியைப் பார்த்தார்.

"நீயே சொல்லும்மா" என்றார்.

ஆம்பூர் சாயங்காலத்தில் மினுங்குகிறதை இத்தனை வருஷமாக மேலே நின்று பார்த்தவள் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"ஒண்ணும் அவசரமில்ல சார். மொதல்ல உங்க ஊருக்குக் கரண்ட் வரட்டும்."